மரத்துக்குப் பஞ்சர் ஒட்டிய பாய்

கள்ளக்குறிச்சியில் மரத்துக்குப் பஞ்சர் ஒட்டிய ஒரே மனிதர் எங்கள் தெருமுனைப் பஞ்சர் பாய்தான். சத்தியமாகச் சொல்கிறேன், என் கண்ணால் பார்த்தேன்.

அவர் கடை இருப்பது ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில். மேலே முழுக்கக் கொக்குக் கூடுகள். எச்சம் குறிபார்த்ததுபோல் அவர் தொப்பியில்தான் விழும். "உங்க குடும்பமே நாசமாப் போவ!" என்று ஸ்பேனரை ஆட்டி அவர் கத்தினால்தான் எங்கள் தெருவுக்குப் பொழுது விடியும். அதனால், புயலடித்த மறுநாள் காலை மரத்தின் பெரிய கிளை கவையில் பிளந்து தொங்குவதைப் பார்த்ததும், 'பாய்க்கு இன்று பண்டிகைதான்' என்று நினைத்தபடி, பஞ்சருக்கு விட்டிருந்த மொபட்டை எடுக்கப் போனேன்.

மனிதர் சேற்றில் உட்கார்ந்து தேம்பிக்கொண்டிருந்தார். மடியில் மூன்று கொக்குக் குஞ்சுகள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"மேல இன்னும் கூடுங்க கீது சார். மரத்த வெட்ட வந்துட்டாங்க!"

பக்கத்தில் ரம்பத்தோடு நின்ற நகராட்சி ஆள், "ரோட்டுல போறவன் தலையில வுழுந்தா யாரு பதில் சொல்றது? சாயங்காலம் வருவேன். கிளை கொஞ்சம் எறங்கியிருந்தாலும் வெட்டிடுவேன்" என்று சொல்லிப் போனார்.

அவ்வளவுதான், பாய்க்குச் சாமி வந்துவிட்டது! லாரி ஜாக்கியைக் கட்டைமேல் வைத்துக் கிளையைத் தூக்கினார். பிளவை நெருக்கி டியூப் டியூபாகச் சுற்றினார். பழைய டயருக்கு அடியில் சாக்கைத் தைத்து, குஞ்சுகளை அதில் வைத்து, ஏறிப்போய் மேலே கட்டினார். அதோடு விட்டாரா? பஞ்சர் பார்க்கும் தொட்டித் தண்ணீரை மொண்டு கட்டுப்போட்ட இடத்தில் ஊற்றி, குமிழி வருகிறதா என்று கண்ணை இடுக்கிப் பார்த்தார்!

"பாய், அது மரம்!"

"இன்னாவா இருந்தா இன்னா சார்? காத்து வரல. ஒட்டிக்கும்."

அப்போதுதான் என் மொபட்டைப் பார்த்தேன். இரண்டு சக்கரமும் வெறும் ரிம்மாக நின்றன.

"அட பாவி மனுஷா, என் டியூப் எங்க?"

"மரத்துல கீது சார். உங்களுது புச்சு, ஸ்ட்ராங்கு ஜாஸ்தி."

சாயங்காலம் ரம்பக்காரர் வந்தார். கிளையை உலுக்கினார், அசையவில்லை. டயருக்குள் தாய்க்கொக்கு குஞ்சுகளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தது. அண்ணாந்து பார்த்தவர், ரம்பத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு திரும்பினார்.

இப்போது மரம் துளிர்த்துவிட்டது. போன வாரம் நான் நிற்கும்போதே பாயின் தொப்பியில் பொத்தென்று எச்சம் விழுந்தது. ஸ்பேனரை ஓங்கியவர், மேலே பார்த்து, "இன்னா, சாப்டீங்களா?" என்றார்.

என் டியூப் இன்னும் அந்த மரத்தில்தான் இருக்கிறது. திருப்பிக் கேட்க எனக்கு மனசே வரவில்லை.