மூலம் கேட்ட பை சார்

திருவண்ணாமலையில் சாமிக்குப் பயப்படாதவர்கள்கூட ஒன்றிரண்டு பேர் இருக்கலாம். பை சாருக்குப் பயப்படாமல் எங்கள் கல்லூரியில் ஒரு ‘குட் மார்னிங்’ படம்கூட யாரும் அனுப்பியதில்லை.

அவர் எங்கள் நூலகர். கல்லூரி இணையத்தில் நடத்தும் ஆய்விதழுக்கும் அவரே சர்வமும். இதழ் முழுக்க இலவசம். ‘சிசி பை’ என்ற உரிமத்தில் வரும். கட்டுரையை யாரும் நகலெடுக்கலாம், மாற்றலாம், விற்கக்கூடச் செய்யலாம். எழுதியவர் பெயரும் உரிமத்தின் பெயரும் இருக்க வேண்டும். எதையாவது மாற்றினால் அதையும் சொல்ல வேண்டும். இந்தச் சிசி பையை அவர் ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்வார். பிறகு பை சார் என்று பெயர் வராமல் என்ன செய்யும்?

வாட்ஸ்அப் குழுவில் யாராவது தத்துவம் போட்டால் போதும், “மூலம் எங்கே?” என்று பாய்வார். புதிதாக வந்த கணக்கு வாத்தியார் பாவம், பதறிப்போய், “சார், செங்கம் ரோட்ல நல்ல டாக்டர் இருக்காருங்க. ஆபரேஷனே வேணாம்னுவாரு” என்று பதில் போட்டார். பை சார் அதையும் விடவில்லை. “இந்தத் தகவலுக்கு மூலம்?”

நான் அப்போது தற்காலிக விரிவுரையாளர். கிரிவலப் பாதை மரங்களைப் பற்றி ஒரு வருஷம் வெயிலில் காய்ந்து எழுதிய கட்டுரை அவர் இதழில் வந்திருந்தது. அதை நம்பித்தான் நிரந்தர வேலைக்கான இன்டர்வியூவுக்குப் போக இருந்தேன். முந்தின நாள் காலை தோழி ஒருத்தி ஒரு வழவழ புத்தகத்தை நீட்டினாள். ஒரு விருந்தினர் விடுதி போட்டது. வரிக்கு வரி என் கட்டுரை, கூடவே கலர் படங்கள். என் பெயர் மட்டும் இல்லை. கொடுமை என்னவென்றால், இன்டர்வியூ நடத்த வரும் பேராசிரியர்களுக்கு அன்று சாயந்திரம் அதே விடுதியில்தான் அறை!

“நான்தான் இதப் பாத்து காப்பி அடிச்சேன்னு சொல்லப்போறாங்க சார்” என்று நூலகத்திலேயே அழுதுவிட்டேன்.

“அழுவாதம்மா. வண்டில ஏறு.”

வழியில் ரப்பர் ஸ்டாம்ப் கடையில் நிறுத்தி, என் பெயர், இதழ் பெயர், உரிமம், ‘படங்கள் சேர்க்கப்பட்டன’ எல்லாம் வைத்து ஒன்று செய்துகொண்டார். பிறகு நேரே விடுதி.

“நெட்ல ஃப்ரீயாதான சார் இருந்துச்சு?” என்றார் உரிமையாளர், பணிவாக.

“ஃப்ரீதாங்க. அச்சடிங்க, வித்து சம்பாதிங்க, யாரு வேணான்னா? அடியில சிசி பை இருந்துச்சே, அத ஏன் வுட்டீங்க?”

மனிதர் உள்ளே ஓடிப்போய் இரண்டு துணிப்பைகளோடு வந்தார். “மன்னிச்சுக்கங்க சார். கெஸ்ட்டுக்கெல்லாம் குடுத்தோம், உங்களுக்கு வுட்டுப்போச்சு.”

அழுகைக்கு நடுவே எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பை சார் பைகளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டுதான் உரிமத்தை விளக்கினார். உரிமையாளர் என்னைப் பார்த்தார்.

“அடடா, இந்தப் பொண்ணு எழுதுனதா? கூகுளே எழுதுதுன்னுல்ல நெனச்சேன்!”

நல்ல மனிதர். எல்லா அறையிலிருந்தும் புத்தகங்களை அவரே அள்ளிக்கொண்டு வந்தார். வரவேற்பறையில் மூன்று பேரும் உட்கார்ந்து குத்து குத்தென்று குத்தினோம். “கோணலா வுழுந்துட்ச்சு, இன்னொண்ணு குத்துங்க” என்று பை சார் படுத்திய பாட்டில், சில புத்தகங்களில் என் பெயர் மூன்று முறை விழுந்தது.

மறுநாள் ஒரு பேராசிரியர் அப்படி ஒரு பிரதியோடுதான் உட்கார்ந்திருந்தார். “ஏம்மா, இதுல உங்க பேரு மூணு எடத்துல இருக்கே?”

“எங்க லைப்ரரியன் கொஞ்சம் ஸ்ட்ரிக்ட்டுங்க சார்” என்றேன். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். வேலை கிடைத்தது.

அடுத்த கட்டுரையில் பை சாருக்கு நன்றி சொல்லி ஒரு வரி சேர்த்திருந்தேன். சிவப்பு மையால் அடித்துவிட்டார். “நான் என்னா எழுதினேன்? எதுக்கு என் பேரு?” எவ்வளவு கெஞ்சியும் மனிதர் அசையவில்லை. எனக்குக் கோபமான கோபம்.

போன வருஷம் எனக்குப் பையன் பிறந்தான். சம்பளப் பட்டியலில் மட்டுமே இருந்த அவருடைய நிஜப் பெயரைத் தேடிப் பிடித்து அவனுக்கு வைத்துவிட்டேன். விஷயம் தெரிந்து, “யாரக் கேட்டு வெச்சே?” என்று வீட்டுக்கே சண்டைக்கு வந்தவர், குழந்தையைக் கையில் வாங்கினார். சாயந்திரம் வரைக்கும் திருப்பித் தரவே இல்லை.