பன்னிரண்டு மணி ரத்து

ஒரு நாளில் பன்னிரண்டு மணி இரண்டு முறை வருகிறது. இது பால்காரருக்குத் தெரியும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும், சுவரில் தொங்கும் கடிகாரத்துக்குக்கூடத் தெரியும். திருமணப் பதிவு அலுவலகத்துக்கு மட்டும் இந்தச் செய்தி உரிய வழியில் தெரிவிக்கப்படாமல் இருந்தது.

தெரிவிக்கும்படி ஆனது ஒரு லிஃப்ட் மெக்கானிக்காலும் ஒரு ரொட்டிக்காரியாலும்.

அவள் வேலை பார்த்த பேக்கரியில் இரண்டு மணிக்கே அடுப்பு மூட்டிவிடுவார்கள். அதை அவள் "காலைல ரெண்டு மணி" என்பாள். அவன் "ராத்திரி ரெண்டு மணி" என்பான். காதலித்த இரண்டு வருடங்களில் அவர்களுக்குள் வந்த ஒரே சண்டை இதுதான்.

"குளிச்சு, தலை வாரி, டீ குடிச்சுட்டுக் கிளம்புறேன். அது காலை இல்லாம என்ன?"

"வெளிய பாரு, நாய்கூட தூங்குது. அது ராத்திரிதான்."

இந்தச் சண்டையை ஒரே வீட்டில் இருந்துகொண்டு போட்டால் பஸ் செலவு மிச்சம் என்று இருவரும் முடிவு செய்தார்கள். வீடும் தோதாக அமைந்தது. பேக்கரிக்கு எதிர்மாடி, இரண்டு ஜன்னல், தண்ணீர் வரும் குழாய். ஆனால் வீட்டுக்காரம்மா கறார்: "கல்யாண சர்டிபிகேட்ட காட்டிட்டு சாவிய வாங்கிக்குங்க. அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்பேன். அப்புறம் வேற ஆளுக்கு விட்டுடுவேன்."

பதிவு அலுவலகம் அவர்களுக்குத் தந்த சீட்டில் "செவ்வாய், 12.00 மு.ப." என்று இருந்தது. செவ்வாய்க்கிழமை உச்சி வெயிலில், புதுச் சட்டையும் புதுப் புடவையுமாக, இருவரும் போய் நின்றார்கள். அவளுடைய தாய்மாமாவும் சாட்சிக் கையெழுத்துப் போடக் கூடவே வந்திருந்தார்.

எழுத்தர் சீட்டைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, துக்கம் விசாரிக்கும் குரலில் கேட்டார்:

"ஏன் லேட்டு?"

"சரியா பன்னெண்டுக்கு வந்திருக்கோமே சார்" என்றான் அவன்.

"மு.ப.ன்னா முற்பகல். பகலுக்கு முன்னாடி வர்ற பன்னெண்டு. அது நேத்து ராத்திரியே முடிஞ்சு போச்சு. நீங்க பன்னெண்டு மணி நேரம் லேட்டு."

"நேத்து ராத்திரி ஆபீஸ் திறந்திருந்துச்சா?" என்று கேட்டாள் அவள்.

"பூட்டித்தான் இருந்துச்சு. ஆனா நீங்க வந்து பூட்டைப் பார்த்திருந்தா, நாங்க வரலைன்னு ஆகியிருக்கும். நீங்க வந்து பார்க்கல. அதனால நீங்க வரலைன்னு ஆயிடுச்சு."

மாமாவுக்கு மூக்கு விடைத்தது. "யோவ், நேரத்தோட அருமை தெரியுமாய்யா உங்களுக்கு? என் ஒவ்வொரு நிமிஷமும் பொன்னு!" என்று அவர் போட்ட சத்தத்தில் உள்ளறைக் கதவு திறந்து பதிவு அலுவலர் வெளியே வந்தார்.

இவரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். இவர் நல்லவர். கை நீட்டமாட்டார், கோப்பைத் தூங்கவிடமாட்டார், எதையும் தீர யோசிப்பார். ஒரு அலுவலகத்துக்கு இதைவிடப் பெரிய ஆபத்து கிடையாது.

சீட்டை அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இவங்க சொல்றதும் சரி. எழுத்தர் சொல்றதும் சரி. மு.ப. தப்புன்னா, பி.ப.ன்னு போட்டிருக்கலாமா? அதுவும் முடியாது. பகல் பன்னெண்டு பகலுக்கு முன்னாடியும் இல்ல, பின்னாடியும் இல்ல. அதுவேதான் பகல்" என்றவர், சிறிது நேரம் உத்திரத்தைப் பார்த்துவிட்டு, "அப்படின்னா இத்தனை வருஷமா இந்த ஆபீஸ் இல்லாத நேரத்துலதான் கல்யாணம் பண்ணி வெச்சிருக்கு" என்றார்.

வரிசையில் நின்றிருந்த ஒரு கணவர் மட்டும் முகம் மலர்ந்து, "அப்ப என் கல்யாணம் செல்லாதுங்களா?" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற மனைவி திரும்பிப் பார்த்ததும் கேள்வியை வாபஸ் பெற்றுக்கொண்டார்.

உடனே "கால நிர்ணயக் குழப்ப நீக்கக் குழு" அமைக்கப்பட்டது. உறுப்பினர்கள் ஐந்து பேர். பன்னிரண்டு மணியைப் பற்றிய கூட்டத்தைப் பன்னிரண்டு மணிக்கே கூட்டினால்தான் பொருளை நேரில் கண்டு ஆய்வு செய்ய முடியும் என்பதால், "புதன்கிழமை 12.00 மணிக்குக் கூட்டம்" என்று அறிவிப்பு போனது.

இரண்டு பேர் செவ்வாய் இரவு முடிந்து புதன் பிறக்கும்போது வந்தார்கள். இரண்டு பேர் புதன் பகலில் வந்தார்கள். குழுத் தலைவர், ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார், புதன் முடிகிற நள்ளிரவில் டார்ச் லைட்டோடு தனியாக வந்தார். மற்றவர்கள் வராததைக் கண்டித்துத் தானே ஒரு தீர்மானத்தை முன்மொழிந்து, தானே வழிமொழிந்து, ஒருமனதாக நிறைவேற்றினார்.

மூன்று கூட்டமும் செல்லும் என்று அலுவலர் ஏற்றுக்கொண்டார். வியாழக்கிழமை சுற்றறிக்கை வந்தது:

"எல்லாக் குழப்பங்களுக்கும் மூலகாரணமாகிய பன்னிரண்டு மணி, இருவேளையும், இதனால் ரத்து செய்யப்படுகிறது. 11.59க்குப் பின் 12.01 தொடரும். இடைப்பட்ட காலத்தில் நடைபெறும் எதுவும் நடைபெற்றதாகக் கருதப்படாது. மேலும் கால், அரை, முக்கால் ஆகிய சொற்கள் உடல் உறுப்புகளோடும் மாவரைப்பதோடும் குழம்ப வாய்ப்புள்ளதால், அவற்றையும் பொதுமக்கள் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

அரசாங்கம் ஒன்றைத் தவிர்க்கச் சொன்னால் அதை விடாமல் செய்கிற ஊர்தான் அது. ஆனால் இந்த முறை அதிசயமாக, சுற்றறிக்கை நாகரிகமாகிவிட்டது. "ஏழே கால்" என்றவர்களைப் பட்டிக்காட்டான் மாதிரி பார்த்தார்கள். சலூனில் ஒரு படி மேலே போய், ரயில்வே கணக்கில், "பதினேழு மணி நாற்பதுக்கு வாங்க, முடி வெட்டிடலாம்" என்றார்கள். வந்தவர் விரல் விட்டு எண்ணிக் கழித்துப் பார்ப்பதற்குள் கடை சாத்திவிட்டது. மணமகளின் அம்மா, "ஐயோ, எனக்கு ஏழரை பிடிச்சு ஆட்டுது" என்று தலையில் கை வைத்தபோது, எதிர்வீட்டு அக்கா திருத்தினாள்: "ஏழு முப்பதுன்னு சொல்லுங்க. அதான் இப்ப ஃபேஷன்."

மாமா சும்மா இருப்பாரா? முள் இல்லாத, எண் மட்டும் ஓடுகிற கைக்கடிகாரம் ஒன்றை வாங்கிக் கட்டிக்கொண்டு, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் நொடி சுத்தமாக மணி சொன்னார். "ஆபீஸ்காரனுக்கு நேரம்னா என்னன்னு நாமதான் பாடம் எடுக்கணும்" என்பதே அந்த வாரம் முழுக்க அவருடைய பேச்சு.

ஜோடிக்குப் புதுத் தேதி கிடைத்தது. அடுத்த வாரம், வீட்டுக்காரம்மா சொன்ன அதே வெள்ளிக்கிழமை, பகல் 11.59. அன்று விட்டால் அடுத்த மாதம்தான்.

"மாமா, ஒரு நிமிஷம்தான் தருவாங்களாம். பார்த்து வந்துடுங்க" என்று அவள் முந்தின நாளே சொல்லிவைத்தாள்.

"எனக்கே சொல்றியாம்மா?" என்று மாமா கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

வெள்ளிக்கிழமை 11.50. சரித்திரத்தில் முதல் முறையாக எல்லாம் நேரத்துக்குத் தயாராக இருந்தது. அலுவலர் நாற்காலியில் இருந்தார். எழுத்தர் பேனாவைத் திறந்து வைத்திருந்தார். முத்திரையில் மை இருந்தது. மின்விசிறிகூடச் சுற்றியது. மாப்பிள்ளை, பெண் இருவரும் இருந்தார்கள். சாட்சிகளைத்தான் காணோம். மாமாவும் இல்லை, மாப்பிள்ளையின் அண்ணனும் இல்லை. வருகிறோம் என்று சொன்ன நாற்பது சொந்தங்களில் ஒரு தலையும் தென்படவில்லை.

அவள் போன் போட்டாள். "மாமா, எங்க இருக்கீங்க?"

"வந்துட்டே இருக்கேன்மா. தெருமுனைல திரும்பிட்டேன்" என்றார் மாமா. பின்னால் வாளியில் தண்ணீர் விழும் சத்தம் தெளிவாகக் கேட்டது.

"மாமா, நீங்க இன்னும் குளிச்சிட்டிருக்கீங்க!"

"11.59ன்னா எவன்மா 11.59க்குத் தொடங்குவான்? பன்னெண்டரைக்கு வந்தா சரியா இருக்கும்!"

இரண்டு ஜன்னல், எதிர்மாடி, குழாய்த் தண்ணீர் எல்லாம் அவள் கண்முன்னே வேறு யாருக்கோ போய்க்கொண்டிருந்தது. அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "சார், ஒரு அஞ்சு நிமிஷம் பொறுத்துக்கக் கூடாதா?" என்று கெஞ்சினான்.

"பொறுப்பேன் தம்பி. ஆனா எங்க போய் நின்னு பொறுக்கிறது? 11.59 முடிஞ்சா அரசாங்கத்துக்கு நேரமே கிடையாது. 12.01க்கு அடுத்த ஜோடி" என்றார் அலுவலர். அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. சட்டத்தை இயற்றியவருக்கே அதைத் தாண்டத் தெரியவில்லை.

மணி 11.59 ஆயிற்று.

"யாராவது ரெண்டு பேர் வாங்களேன்!" என்று அவள் கத்தினாள். பேக்கரியில் பத்து தட்டு ரொட்டி ஒரே நேரத்தில் கருகினால்கூட அவள் அப்படிப் பதறியிருக்கமாட்டாள். பிறப்புச் சான்றிதழ் வாங்க வந்த ஒருவர் கைக்குழந்தையை எழுத்தரிடம் திணித்துவிட்டு ஓடிவந்து கையெழுத்துப் போட்டார். அடுத்ததாக, வாசலில் அறுந்த செருப்பைத் தைக்கக் கொடுத்துவிட்டு நின்ற அம்மாள் ஒற்றைச் செருப்போடு நொண்டியபடி வந்து போட்டாள். மாப்பிள்ளை அவசரத்தில் பெண் பெயரை எழுதப் போய், பாதியில் நிறுத்தித் தன் பெயரை நினைவுபடுத்திக்கொண்டான். குழந்தை வீல் என்று அலறியது. அலுவலர் முத்திரையை ஓங்கிக் குத்தினார். முள் நகர்ந்தது.

"வாழ்த்துக்கள். நீங்க கல்யாணமானவங்க" என்றார் அவர், நெற்றியைத் துடைத்துக்கொண்டு. அவனும் அவளும் சிரித்தார்கள், பிறகு அழுதார்கள், பிறகு முன்பின் தெரியாத அந்தச் சாட்சிகளைக் கட்டிக்கொண்டார்கள். அடுத்த அரை மணியில் வீட்டுச் சாவி அவள் முந்தானையில் இருந்தது.

பன்னிரண்டு முப்பத்தைந்துக்கு மாமா வந்தார். பின்னால் பூங்கொத்து, வாட்டர் பாட்டில், கேமரா சகிதம் நாற்பது சொந்தங்கள்.

"ஆரம்பிக்கலாமா?" என்று கேட்டார் மாமா.

"முடிஞ்சு அரை மணி ஆச்சு" என்றார் எழுத்தர்.

மாமாவுக்கு நம்ப முடியவில்லை. "முடிஞ்சுதா? சொன்ன நேரத்துக்கேவா ஆரம்பிச்சீங்க? என்னய்யா இது, மனுஷன் வந்து போற ஆபீஸா? ஒரு நியாயம் வேணாம்?"

நாற்பது பேரும் ஆமாம் என்றார்கள். அங்கேயே ஒரு புகார் மனு தயாரானது: "மேற்படி அலுவலர், குறித்த நேரத்தில் குறித்தபடியே பணியைத் தொடங்கி, பொதுமக்களுக்குச் சொல்லொணா மன உளைச்சலை ஏற்படுத்தியுள்ளார்." நாற்பது பேரும் கையெழுத்திட்டார்கள். செய்தி பரவியதும், அந்த அலுவலகத்தில் எந்த வேலையும் இல்லாதவர்கள்கூடத் தேடிவந்து கையெழுத்திட்டார்கள். நேரத்துக்கு ஆரம்பிக்கும் இந்த வியாதி அடுத்தது ரேஷன் கடைக்கும் பஸ்ஸுக்கும் பரவிவிட்டால் என்ன செய்வது என்ற கவலை அவர்களுக்கு.

மேலிடம் விசாரித்தது. குற்றச்சாட்டை அலுவலர் மறுக்கவில்லை. "ஆமாம், நேரத்துக்குத்தான் ஆரம்பிச்சேன்" என்று ஒப்புக்கொண்டார். தூரத்து ஊருக்கு மாற்றினார்கள். அவரோடு சுற்றறிக்கையும் போயிற்று.

புதிய அலுவலர் திங்கட்கிழமை பொறுப்பேற்றார். பத்து மணி அலுவலகத்துக்குப் பதினொன்றே முக்காலுக்கு வந்து, ஒரு டீ சொல்லிவிட்டு, செய்தித்தாளை விரித்தார். வரிசையில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மனுஷன்னா இவருதான்யா" என்றார் ஒருவர். அவரும் அப்போதுதான் வந்திருந்தார்.