கழிவறைக்குப் பக்கத்து ஸ்டால்

"போறீங்களா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க. நான் போய் கடை திறக்கணும்" என்றாள் மனைவி, ஒரு காலைச் செருப்பில் நுழைத்தபடியே.

அவர் சாப்பாட்டு மேசையில் ஒரு தாளை விரித்து, நடுவில் கோடு கிழித்து வைத்திருந்தார். இடது பக்கம் 'போகலாம்'. வலது பக்கம் 'வேண்டாம்'. இரண்டு பக்கமும் நான்கு நான்கு காரணங்கள். ஐந்தாவது காரணம் எந்தப் பக்கம் விழும் என்று பேனா மூன்று நாட்களாகக் காத்துக்கொண்டிருந்தது.

"சமமா இருக்கும்மா" என்றார் பரிதாபமாக.

"சமமா இல்ல. 'வேண்டாம்' பக்கம், 'கால் வலிக்கும்'னு ஒண்ணு, 'ரொம்ப நேரம் நிக்கணும்'னு ஒண்ணு. ரெண்டும் ஒண்ணுதான்."

அவர் மூன்று வருடமாக வீட்டு மூலையில் உட்கார்ந்து ஒரு வீடியோ கேம் செய்துகொண்டிருந்தார். பெயர் 'மூட்டை முடிச்சு'. ஒரு குடும்பம் வீடு மாறுகிறது. சாமான்களையெல்லாம் ஒரே லாரியில் ஏற்ற வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. ஆனால் ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு குணம். பீரோவுக்குப் படுக்கப் பிடிக்காது. சுவர்க் கடிகாரத்துக்கு லாரி கிளம்பினால் தலை சுற்றும். தையல் மெஷினுக்கும் மிக்சிக்கும் பல வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. பக்கத்தில் வைத்தால் கைகலப்பு. படம் வரைந்தது, இசை போட்டது, மிக்சிக்குக் குரல் கொடுத்தது எல்லாம் அவரேதான். அடுக்குமாடியில் அவரை 'கேம்காரர்' என்று கூப்பிட்டார்களே தவிர, அந்தக் கேமை அவர் மனைவியைத் தவிர யாரும் விளையாடியதில்லை.

வருடத்துக்கு ஒரு முறை வீடியோ கேம் வர்த்தகக் கண்காட்சி நடக்கும். சனி, ஞாயிறு இரண்டு நாள். கேம் செய்பவர்கள் ஸ்டால் போடுவார்கள். அவற்றை வாங்கி வெளியிடும் கம்பெனிக்காரர்கள் சுற்றிப் பார்ப்பார்கள். அதற்குத்தான் போவதா வேண்டாமா என்று இந்தப் பாடு.

நடுவில் ஒரு லிஃப்ட் கம்பெனிக்காரர்கள் வேறு அவரை வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். லிஃப்ட் எந்த மாடியில் நிற்க வேண்டும் என்று புரோகிராம் எழுதும் வேலை. சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

மனைவி இரண்டாவது செருப்பையும் போட்டுக்கொண்டு, அவர் கையிலிருந்த தாளை வாங்கி நாலாக மடித்தாள்.

"போங்க. போகலேன்னா ஆயுசு பூரா 'போயிருக்கலாமோ, போயிருக்கலாமோ'ன்னு என் உயிரைத்தான் எடுப்பீங்க. முதல் நாள்ல பத்துப் பேரு, தானா வந்து, இந்தக் கேமுக்காகவே நின்னு விளையாடினா லிஃப்ட் வேண்டாம். பத்து பேரு வரலேன்னா திங்கக்கிழமையிலிருந்து மேல, கீழ. சரியா?"

"பத்து பேரா?" என்றார் அவர்.

அவள் போனதும் கண்காட்சி அலுவலகத்துக்குப் போன் செய்தார். ஒரு பெண் எடுத்தாள்.

"வர்றேம்மா. வாசலுக்கு நேரா ஒரு ஸ்டால் சொல்லியிருந்தீங்களே..."

"அது போன வாரம் சார். நீங்க யோசிச்சுச் சொல்றேன்னீங்க. யோசிக்காம ஒருத்தர் வந்து வாங்கிட்டாரு. ஹால் நடுவுல ஒண்ணு இருக்கு. ஆனா பக்கத்துல துப்பாக்கிச் சண்டை கேம். எட்டு ஸ்பீக்கர் வச்சிருக்காங்க."

"ஐயோ, என் கேம்ல மிக்சி முணுமுணுக்கிறது கேக்கணும்மா! அமைதியான இடமா குடுங்க."

"மாடியில கடைசி மூலை இருக்கு. ரொம்ப அமைதி சார். போன வருஷம் அங்க ஸ்டால் போட்டவரு ரெண்டு நாளும் நல்லா தூங்கினாரு."

அவர் கெஞ்சினார். "அமைதியாவும் இருக்கணும், எல்லாரும் ஒரு தடவையாவது கண்டிப்பா வர்ற இடமாவும் இருக்கணும்மா. அப்படி ஏதாவது..."

அந்தப் பக்கம் தாள் புரட்டும் ஓசை கேட்டது.

"அப்படி ஒரே ஒரு இடம் இருக்கு சார்."

"அதையே குடுத்துடுங்க!" என்றார், அவள் மனசு மாறுவதற்குள்.

சனிக்கிழமை காலை கம்ப்யூட்டரையும் பெரிய திரையையும் சுமந்துகொண்டு அந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோதுதான் புரிந்தது. ஸ்டாலை ஒட்டிய சுவரில் ஓர் ஆண் பொம்மை, ஒரு பெண் பொம்மை, ஓர் அம்புக்குறி. சுவர் திரும்பும் இடத்தில் கழிவறைக்குப் போகும் வழி. எல்லாரும் ஒரு தடவையாவது கண்டிப்பாக வரும் இடம்தான்.

தன் பேனரை எடுத்து அந்த இரண்டு பொம்மைகளின் மேலும் தொங்கவிட்டார். கொஞ்சம் கௌரவமாக இருந்தது. ஐந்து நிமிடத்தில் காவலாளி வந்தார்.

"சார், அம்பு தெரியணும். அவசரத்துல வர்றவங்க உங்க ஸ்டாலுக்குள்ள பூந்துட்டா நான் பொறுப்பில்ல."

பேனரைக் கொஞ்சம் தள்ளிக் கட்டினார். இப்போது 'மூட்டை முடிச்சு' என்ற எழுத்துக்குக் கீழே, அதற்கு விளக்கம் சொல்வதுபோல, அம்புக்குறி சரியாக நின்றது.

முதல் ஒரு மணி நேரம் ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. பத்து மணிக்கு மேல் ஒருவர் வேகமாக வந்தார். கேம்காரர் எழுந்து நின்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"வாங்க சார், வாங்க! இது வந்து..."

"பாத்ரூம் எங்க இருக்கு?"

கை காட்டினார். அடுத்து வந்த இருவரும் அதையேதான் கேட்டார்கள். அப்புறம் கேட்காமலேயே அம்பைப் பார்த்துவிட்டுப் போனார்கள். போனவர்கள் கொஞ்ச நேரத்தில் முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பி வந்து, ஸ்டால் ஓரமாக நின்றார்கள். உள்ளே கூட்டம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

நின்றவர்களில் ஒருவர் சும்மா நிற்க முடியாமல், "இது என்ன, தொட்டுப் பாக்கலாமா?" என்றார்.

"தாராளமா."

அவர் விளையாடினார். பின்னால் நின்றவர் எட்டிப் பார்த்தார். அவருக்குப் பின்னால் இன்னொருவர் வந்து நின்றார். பதினொன்றரை மணிக்கு ஸ்டால் வாசலிலிருந்து ஹாலின் நடுப்பகுதிவரை ஒரு வரிசை. துப்பாக்கிச் சண்டைக்காரர்களே ஸ்பீக்கரைக் குறைத்துவிட்டு எட்டிப் பார்க்கும் அளவுக்கு வரிசை.

"சார், இதுதான் க்யூவா?" என்றாள் புதிதாக வந்த பெண்.

"ஆமாம்மா, இதேதான்" என்று பெருமூச்சு விட்டார்.

கழிவறைக்கு நிற்பவர்கள் பொழுதுபோகாமல் தம் கேமைத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டார். ஆடி முடித்தவர்கள் ஒவ்வொருவராகச் சுவர் திரும்பி அந்தப் பக்கம் போனார்கள். அந்தப் பக்கம் வேறு என்னென்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. கழிவறை இருப்பது மட்டும் தெரியும்.

நிற்பவர்களைப் பார்க்க அவருக்குச் சங்கடமாக இருந்தது. சீக்கிரம் நகரட்டும் என்று தம் லேப்டாப்பையும் எடுத்து மேசையில் வைத்து, அதிலும் கேமைப் போட்டுவிட்டார். வரிசை இரண்டாகி, இரண்டும் நீண்டன. வயதானவர்கள் உட்காரட்டும் என்று பக்கத்து ஸ்டாலிலிருந்து நாற்காலிகள் வாங்கிப் போட்டார். நாற்காலி இருப்பதைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் வந்தார்கள்.

கண்ணாடி போட்ட ஒருவர் மறுபடி வந்து நின்றார்.

"நீங்க இப்பதானே போனீங்க?"

"மூணாவது தடவை சார். முதல் ரெண்டு தடவையும் அவசரப்பட்டுட்டேன். சரியா முடிக்க முடியல."

கேம்காரர் அவர் தோளைத் தொட்டு, தாழ்ந்த குரலில், "அவசரப்படாதீங்க. நிறைய தண்ணி குடிங்க. திங்கக்கிழமை ஒரு டாக்டரைப் பாத்துடுங்க" என்றார். அவர் குழப்பத்தோடு தலையாட்டினார்.

சாம்பல் நிறக் கோட்டு போட்ட ஓர் அம்மாள் தம் விசிட்டிங் கார்டை மேசையில் வைத்து, "எனக்கு இப்ப ஒரு மீட்டிங். கண்டிப்பா கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பஸ்ஸில் கைக்குட்டை போட்டு இடம் பிடிப்பதுபோல, வரிசையில் கார்டு போட்டு இடம் பிடிக்கிறார் போலும். அவர் முறை வந்ததாகத் தோன்றியபோது கேம்காரர் ஸ்டூல் மேல் ஏறி நின்று, கார்டிலிருந்த பெயரை மூன்று முறை உரக்கக் கூப்பிட்டார். யாரும் வரவில்லை. அதற்குள் மேசையில் இன்னும் எட்டு கார்டுகள் சேர்ந்திருந்தன. ஏலம் விடுகிறவர்போல அத்தனை பெயர்களையும் கூப்பிட்டுப் பார்த்தார். தொண்டை கட்டியதுதான் மிச்சம். கார்டுகளைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டார்.

மதியம் அவருக்கே அவசரம் வந்தது. ஆனால் ஐம்பது பேர் நிற்கும்போது அவர்களைத் தாண்டிப் போக மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நின்றார்.

நாலு மணிக்கு மனைவி போனில் கூப்பிட்டாள்.

"என்னாச்சுங்க? எத்தனை பேரு வந்தாங்க?"

"இருநூறு பேருக்கு மேல இருக்கும்."

"என்னது!"

"குதிக்காத. நமக்காக வரல. பாத்ரூமுக்கு வந்தவங்க."

அவள் விடவில்லை. "விளையாடினாங்களா?" என்றாள்.

"விளையாடினாங்க. ஒரு குடும்பமே மிக்சி திட்டறதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிச்சுது. ஆனா 'தானா வந்து, இதுக்காகவே நின்னு'ன்னுதானே சொன்ன? அப்படிப் பாத்தா ஒருத்தர்கூட இல்ல."

"சிரிச்சாங்கல்ல? அது போதும். லிஃப்ட்டுக்குப் போனாலும் சாயங்காலத்துல கேம் செய்யலாம். நீங்க போனது நல்லதுதாங்க. வாங்க வீட்டுக்கு" என்றாள். சிரித்தார்கள் என்பதைத் தம் வாயால் சொன்னபோது அவருக்கே மனசு கொஞ்சம் லேசாகியிருந்தது.

நாலரை மணிக்கு ஹாலை மூடப்போவதாக அறிவித்தார்கள். காவலாளி வந்து வரிசையைக் கலைத்தார்.

"அஞ்சு நிமிஷம் குடுங்க! ஒன்றரை மணி நேரமா நிக்கறேன். என் முறை வந்துடுச்சு!" என்று ஒருவர் கெஞ்சினார்.

"நாளைக்குக் காலையில முதல் ஆளா வாங்க சார்."

"சரி, நாளைக்கே வர்றேன்" என்று அவர் மனசில்லாமல் நகர்ந்தார்.

நாளைவரை எப்படித் தாங்குவாரோ என்று கேம்காரருக்கு நெஞ்சு பதைத்தது.

ஹால் காலியானது. ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. போனை எடுத்து லிஃப்ட் கம்பெனிக்கு எழுதினார்: 'திங்கட்கிழமை முதல் வேலைக்கு வருகிறேன்.' அனுப்பும் பொத்தானுக்கு மேல் கட்டை விரல் நின்றது.

துடைப்பமும் வாளியுமாகத் துப்புரவு செய்யும் அம்மாள் அந்த வழியாக வந்தார். அவரைப் பார்த்ததும் கேம்காரருக்கு மனசு இளகிவிட்டது. இன்று தம்மைவிட அதிகம் பாடுபட்டவர் ஒருவர் உண்டு என்றால் அது இவர்தான்.

"பாவம்மா நீங்க" என்றார். "காலையிலிருந்து எவ்வளவு கூட்டம்! தனி ஆளா எத்தனை தடவை கழுவினீங்களோ."

அந்த அம்மாள் வாளியைக் கீழே வைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நான் எங்க சார் கழுவினேன்? பத்தரை மணிக்குக் குழாய் உடைஞ்சு பூட்டின கதவு, இன்னும் திறக்கவே இல்லயே!"