ஒரு முடி போதும், மரபணு சரி

கிடங்குத் தெருவில் மரபணு ரிப்பேர் கடை திறந்ததும் கூட்டம் நெரிந்தது. பம்பு ரிப்பேர், சைக்கிள் ரிப்பேர் பார்த்த சனம். இது உயிர் ரிப்பேர், விடுவார்களா? தலைமுடி ஒன்று கொடுத்தால் போதும். கடைக்கார மகான் அதைக் கண்ணாடிக் குழாயில் போட்டுக் கண்ணை மூடுவார். எந்த மரபணு எங்கே கிழிந்திருக்கிறது என்று சொல்லுவார். பிறகு நீலப் பாட்டிலில் தண்ணீர். கிழிசலை ஒட்டும் புரதத்தை அதில் மந்திரித்து இறக்கியிருக்கிறாராம். இடுப்பு பிடித்தவனும் வந்தான், மருமகளோடு மல்லுக்கட்டியவளும் வந்தாள். எல்லாருக்கும் மரபணுதான் கிழிந்திருந்தது.

சுமைதூக்கி ஒருவன் மனைவியைக் கூட்டிவந்தான். சாக்குத் தைக்கிறவள். மார்பில் புற்றுநோய்க் கட்டி. ஆஸ்பத்திரியில் ஊசி முடிந்து, மறுநாள் மாத்திரை தொடங்க வேண்டும். மாத்திரை வேண்டாம், தண்ணீரே போதும் என்று மகான் முந்தின நாளே சொல்ல, இவனும் தலையாட்டியிருந்தான். மூட்டைக்கு வளையாத கழுத்து பாட்டிலுக்கு வளைந்துவிட்டது.

அவள் முக்காட்டுக்குள் கைவிட்டு ஒரு முடியைப் பிடுங்கிக் கொடுத்தாள். மகான் முகத்தைச் சுளித்தார்.

"மூணு கிழிசல். உங்கம்மா வழியில வந்தது. நம்ம தண்ணி ஒட்டிரும் தாயி."

"கட்டிக்குள்ள இருக்கிற மரபணுவையும் ஒட்டுமா சாமி?"

"எல்லாத்தையும் ஒட்டும். பாரபட்சமே கிடையாது."

"டாக்டரம்மா வேற மாதிரி சொன்னாங்களே. உடைஞ்ச மரபணுவைப் பூசி ஒட்டுற கொத்தனுங்க ஒடம்புல இருக்காங்களாம். என் கட்டியில ஒருத்தன் முன்னாடியே இல்ல. மிச்சமிருக்கிறவன் கையையும் கட்டிப்போடத்தான் மாத்திரை. பூச ஆளில்லாம கட்டி தானா சரியுமாம். நீங்க என்னடான்னா அவனுக்கு சிமெண்டு கொழைச்சுக் குடுக்கிறீங்க."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். மகான் சிரிக்கவில்லை.

"டாக்டர் பொய் சொல்லலாம். முடி பொய் சொல்லாது."

அவள் முக்காட்டை இழுத்தாள். முடியும் சேர்ந்து வந்தது. உள்ளே வழவழவென்று மொட்டை.

"ஊசி போட்டப்பவே எல்லாம் கொட்டிருச்சு. இது கடையில வாங்கின நைலான். இதுக்கு அம்மா யாரு சாமி?"

அவள் மொட்டை என்பது புருஷனுக்குத் தெரியாதா? தெரியும். பக்தி முற்றினால் பக்கத்தில் படுத்திருக்கும் மொட்டையும் மறந்துபோகும்.

மகான் பின்வாசலைத் தேடினார். சுமைதூக்கி பாட்டிலைக் கீழே வைத்தான்.

"மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று மனைவியிடம் மெதுவாகக் கேட்டான்.

வரிசையில் ஒருவர் இன்னும் நகரவில்லை. "என்னோடது நெசமான முடிதான் சாமி, பாத்துச் சொல்லுங்க" என்று நீட்டிக்கொண்டிருந்தார்.

ஐயா, முடியை அவரிடம் நீட்டிவிட்டீர்கள். அதற்குக் கீழே ஒன்று இருக்கிறதே, அதையாவது நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.