விசேஷமா, பிரெட்டா?

நெல் விளைகிற ஊரில் வாழ்க்கைப்பட்ட ஒருத்திக்குக் கோதுமை ஒத்துக்கொள்ளவில்லை என்றால், அதை வியாதி என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கொழுப்பு என்பார்கள். என் மாமியார் அப்படித்தான் சொன்னார்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி எட்டு வருஷம். குழந்தை இல்லை. அதனால் எனக்கு என்ன வந்தாலும் அந்த வீட்டில் அது இரண்டாம்பட்சம். வயிறு உப்பி, உடம்பு இளைத்துப்போய்க் கும்பகோணத்தில் டாக்டரிடம் காட்டினோம். குளூட்டன் என்று கோதுமையில் ஒரு பசைச்சத்து இருக்கிறதாம், அது என் குடலுக்கு ஆகாதாம், ஆயுசுக்கும் கோதுமையைத் தொடக்கூடாது என்றார். "அதான் சோறு இருக்கே" என்று வீட்டில் பேச்சை முடித்துவிட்டார்கள். கூடம் முழுக்க நெல்மூட்டை அடுக்கியிருக்கிற வீட்டில் வேறென்ன சொல்வார்கள்?

எனக்கு வேண்டியிருந்தது பிரெட். சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் அப்பா பிரெட் வாங்கிவந்து டீயில் நனைத்துக் கொடுப்பார். அந்தப் பழக்கத்தில், மனசு சரியில்லாத நாளெல்லாம் எனக்கு டீயும் பிரெட்டும்தான். (புகுந்த வீட்டில் எட்டு வருஷம். எவ்வளவு பிரெட் தின்றிருப்பேன் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.)

தேட ஆரம்பித்தேன். கும்பகோணத்தில் ஒரு பெரிய கடையில் "குளூட்டன் ஃப்ரீ பிரெட் இருக்கா?" என்று கேட்டேன். அந்தப் பெண் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்த ஆஃபர் போன வாரமே முடிஞ்சிருச்சுங்க" என்றாள். தஞ்சாவூரில் ஒரு கடையில் நிஜமாகவே கிடைத்தது. ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். செங்கல் மாதிரி இருந்தது. டீயில் நனைத்ததும் தவிடாகி அடியில் போய்த் தங்கிவிட்டது. நான் ஸ்பூனை வைத்து அள்ளுவதை மாமியார் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நெல்லு மூட்டையில சாஞ்சுக்கிட்டு ரொட்டிக்கு அழறியே, உனக்கே நல்லாருக்கா?"

நல்லாயில்லைதான். ஆனாலும் விடவில்லை. என் நாத்தனார் செல்விக்கு நிச்சயதார்த்தம் வந்தது. முதல் நாள் வெற்றிலை பாக்கு வாங்கப் போன இடத்தில், பக்கத்திலிருந்த பேக்கரியில் ஏறிக் கேட்டேன். இந்தமுறை புத்திசாலித்தனமாகத் தமிழிலேயே கேட்டேன்.

"கோதுமை இல்லாத பிரெட்டு இருக்குங்களா?"

"கோதுமை பிரெட்டுதாம்மா இல்லை. அது பிரவுனா இருக்கும், சுகர் பேஷண்ட் வாங்குவாங்க. இது வெள்ளை. சுத்தமான மைதா."

"இதுல கோதுமையே கிடையாதா?"

"மைதாங்கிறேன், அதுல எங்கேருந்தும்மா கோதுமை வரும்?"

நியாயமாகத்தான் பட்டது. மைதா மரவள்ளிக்கிழங்கிலிருந்து வருகிறது என்றுதான் எங்கள் ஊரில் பாதிப் பேர் சொல்வார்கள். எம்.காம். படித்த நானும் அதில் சேர்த்தி. மறுநாள் காலையில், யாரும் பார்க்காமல், பாதிப் பாக்கெட்டை டீயில் நனைத்துத் தின்றேன். அவ்வளவு நன்றாக இருந்தது. கண்ணில் தண்ணீர்கூட வந்தது.

நிச்சயதார்த்தம் திருப்பனந்தாளில் ஒரு மண்டபத்தில். பத்திரிகை வாசித்துத் தட்டு மாற்றுகிற நேரம். மூத்த மருமகள் என்பதால் பழத்தட்டு என் கையில். அப்போதுதான் வயிற்றுக்குள் ஏதோ புரண்டது. தட்டை எதிரில் நீண்ட கையில் கொடுத்துவிட்டு ஓடினேன். (அது தவில்காரர் கை. பாவம், கையைச் சொடுக்கெடுத்துக்கொண்டிருந்தார்.)

கை கழுவுமிடத்தில் எல்லாம் வெளியே வந்து நிமிர்ந்தபோது, பின்னால் பெண்கள் கூட்டம். எல்லார் முகத்திலும் சிரிப்பு. மாப்பிள்ளையின் பெரியம்மா என் முதுகைத் தடவினார்.

"டாக்டர்கிட்ட காட்டியாச்சாம்மா?"

"காட்டியாச்சுங்க. ரெண்டு மாசம் ஆகுது."

"இத்தனை நாளா வீட்ல சொல்லலையா?"

"சொன்னேன். யாரும் பெரிசா எடுத்துக்கலைங்க."

சத்தியமாக நான் என் குடலைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தேன். அதற்குள் யாரோ என் வாயில் சர்க்கரையைப் போட்டார்கள். மாமியார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார், கையில் ஒரு டம்ளர் எலுமிச்சை ஜூஸ். "உக்காரும்மா, மெதுவாக் குடி" என்றார். எட்டு வருஷத்தில் எனக்கென்று அவர் கையால் கொண்டுவந்து கொடுத்த முதல் டம்ளர். இன்னொரு கையால் என் நெற்றி வியர்வையைத் துடைத்தார். உள்ளே என் கணவரின் சித்தப்பா மைக்கில், "இன்னிக்கு நம்ம வீட்ல ரெட்டை விசேஷம்" என்றார்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. டம்ளரைக் குடித்து முடிக்கிற வரைக்குமாவது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அந்தச் சமர்த்தெல்லாம் எனக்கு என்றைக்கு இருந்தது?

"அத்தை, அது இல்லைங்க. காலையில தின்ன பிரெட்டு."

"பிரெட்டா?"

"பிரெட்டுதான்."

பெரியம்மாதான் முதலில் சிரித்தார், கூட்டமே சிரித்தது. மாமியார் சிரிக்கவில்லை. என் கையிலிருந்த டம்ளரை வாங்கினார். பாதி மிச்சமிருந்தது. அதைத் தொட்டியில் ஊற்றிவிட்டு உள்ளே போனார். நான் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் கொஞ்ச நேரம் அழுதேன்.

அடுத்த வாரம் டாக்டர், "மைதா எதுலேருந்தும்மா வருது?" என்று கேட்டார். "மரவள்ளிக்கிழங்கு" என்றேன். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, "அதுவும் கோதுமைதாம்மா" என்றார்.

செல்வி இப்போது இரண்டு பிள்ளைகளோடு சிங்கப்பூரில் இருக்கிறாள். எனக்குத் தலைவலி என்று கேள்விப்பட்டால்கூடப் போன் வரும். "என்ன அண்ணி, விசேஷமா, பிரெட்டா?" பிரெட்டுதான் என்பேன். அந்தப் பக்கம் வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன், வேறென்ன செய்ய?

போன மாசம் தஞ்சாவூரில் புதிதாகத் திறந்த ஒரு கடையில் நல்ல பிரெட் கிடைத்தது. மெத்தென்று இருக்கிறது, டீயில் உடையவில்லை. பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால், அரிசி மாவில் செய்ததாம். என் கணவர் ஒரு துண்டு நனைத்துத் தின்றுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. அன்னிக்கே இது கிடைச்சிருந்தா உனக்கு அந்த அவமானம் வந்திருக்காது" என்றார்.

"அந்த அரை டம்ளர் ஜூஸும் வந்திருக்காதுங்க" என்றேன்.

அதையும் தங்கைக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார். இப்போது கதையை அந்த வரியோடுதான் முடிக்கிறார்களாம். அங்கேதான் சிரிப்பு ஜாஸ்தியாம்.