மஞ்சள் சாமியும் சவர்க்காரக் கட்டியும்

வெள்ளிக்கிழமைகளில் வட்டக்கச்சிக்குப் போகும் பஸ்ஸில் கால் வைக்க இடமிருக்காது. மஞ்சள் சாமி ரத்தம் பார்க்கிறார். ஊசி வேண்டாம், ஆய்வுகூடம் வேண்டாம். உள்ளங்கையில் அரைத்த மஞ்சளைப் பூசுவார். மஞ்சளாகவே இருந்தால் ரத்தம் சுத்தம், கூடவே ஒரு நல்வாக்கு. சிவந்தால் நஞ்சு. நஞ்சை இறக்கத் தனிப் பூசை. அதற்குத் தனிக் காணிக்கைத் தட்டு.

வரிசையில் பிரேமிளாவும் நின்றாள். விஞ்ஞானப் பட்டதாரி, வேலை இன்னும் இல்லை. இதெல்லாம் பொய் என்று அம்மாவிடம் சொல்ல பஸ்ஸிலேயே வாயைத் திறந்தவள்தான். கொட்டாவி என்று சமாளித்துவிட்டாள்.

அவளுக்கு முன்னால் அண்ணன் சுஜிதன். இவர்களின் தங்கச்சி கிருசாந்திக்கு ரத்தப் புற்றுநோய். அவளுக்கு எலும்பு மச்சை கொடுக்கப் பொருந்தியவன் அவன் ஒருவன்தான்.

"மச்சை மாத்தேக்க அவவின்ர பழைய எதிர்ப்புச் சக்தி அழிஞ்சு போம்," என்று டொக்டர் சொல்லியிருந்தார். "நீர் முதலே தடுப்பூசி போட்டால், உம்மட உடம்பு பழகினதில கொஞ்சம் மச்சையோட அவவுக்கும் போகும். அவ தானே ஊசி போடுற நிலைக்கு வருமட்டும் அது ஒரு காவல்."

முதல் ஊசி போட்டாயிற்று. அடுத்தது திங்கட்கிழமை. அதற்குள் யாரோ அம்மா ஞானேஸ்வரியின் காதில் ஓதிவிட்டார்கள்: ஊசி போட்ட ரத்தம் கெட்ட ரத்தம்.

வாசலில் தண்ணீர்க் குழாய். பக்கத்தில் சாமியின் மச்சான்.

"தம்பி, ஊசி கீசி போட்டனீரோ?"

"ஓம்."

"அப்ப சவர்க்காரம் போட்டுக் கழுவும். துடைக்கப்படாது. அப்பிடியே உள்ளுக்குப் போம்."

உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரம்.

அடுத்து அதே கேள்வி பிரேமிளாவிடம். அவள் வாய் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டா. "இவளோ? ஊசியைக் கண்டால் மயங்கி விழுவாள்."

வீட்டில் இருப்பவர்களும் போடவேண்டும் என்று சுஜிதனுக்கு ஊசி போட்ட அன்றைக்கே தாதி அவளுக்கும் ஒன்று போட்டிருந்தது அம்மாவுக்குத் தெரியாது. மயங்கித்தான் விழுந்தாள். அதனால்தான் வீட்டில் சொல்லவில்லை.

மச்சான் அவளுக்கு வெறும் தண்ணீர் வார்த்தார்.

உள்ளே, மஞ்சள் பூசியதும் சுஜிதனின் உள்ளங்கை வெற்றிலை போட்ட வாய் மாதிரிச் சிவந்தது.

"ஊசி நஞ்சு," என்றார் சாமி. "இதைக் குடுத்தால் உன்ர தங்கச்சி தாங்கமாட்டாள்."

நெல் மூட்டையைத் தனியாகத் தூக்குகிறவன் அப்படியே குந்திவிட்டான். "அம்மா, நான் திங்கட்கிழமை போகேல்லை. மச்சையும் குடுக்கேல்லை."

பிரேமிளாவின் கை மஞ்சளாகவே இருந்தது.

"பாருங்கோ, ஊசி படாத ரத்தம். பிள்ளைக்கு இந்த வருசமே அரசாங்க வேலை," என்றார் சாமி.

அவளுக்குச் சந்தோசமாக இருந்தது. வெட்கக்கேடுதான், ஆனாலும் சந்தோசம். பிறகுதான் படித்த படிப்பு மெல்ல அசைந்தது. ஊசி அவளுக்கும் ஏறியிருக்கிறது. கையில் படாதது சவர்க்காரம் மட்டும்தான்.

எழும்பிப் போய்ச் சவர்க்காரக் கட்டியோடு வந்தாள். மஞ்சள் பூசிய தன் கையிலேயே தேய்த்தாள். சிவந்தது.

"நானும் ஊசி போட்டனான், சாமி," என்றாள், நிலத்தைப் பார்த்து. "இப்ப உங்கட கையைக் காட்டுங்கோ."

சாமி கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். துணுக்காயிலிருந்து வந்து வரிசையில் நின்ற அழகம்மா விடவில்லை. கட்டியை வாங்கினா, சாமியின் மணிக்கட்டை இழுத்துத் தேய்த்தா. காலையிலிருந்து மஞ்சள் அளைந்த கை. பளீரென்று சிவந்தது.

"சாமிக்கும் நஞ்சு ஏறிருச்சுங்க," என்றா. "பூசை செஞ்சிறலாமா?"

மச்சான் தன் சைக்கிளைத் தேடினார்.

மஞ்சள் பட்ட சட்டை சவர்க்காரத்தில் சிவக்கும் என்பது தங்களுக்கு முதலே தெரியும் என்று வரிசை முழுவதும் சொன்னது. தெரிந்துதான் இருந்தது. பிரேமிளாவுக்கும் தெரியும், போன கிழமைதான் ஒரு வெள்ளைச் சட்டையைத் தோய்த்துச் சிவப்பாக்கியிருந்தாள்.

பஸ்ஸில் சுஜிதன் கேட்டான். "திங்கட்கிழமை போறன், அது சரி. நீ படிச்சனி. ஏன் வரமுதலே சொல்லேல்லை?"

"எனக்கும் வேலை எப்ப வருமெண்டு கேக்கவேண்டியிருந்தது," என்றாள்.

சட்டை சிவந்தால் சவர்க்காரத்தைத் திட்டுகிறோம். கை சிவந்தால் சாமியைக் கும்பிடுகிறோம். கை கழுவுகிற நேரத்தில் தலைக்குள் இருப்பதையும் கொஞ்சம் பாவித்துப் பார்க்கலாம். அது கரையாது.