சுடலையில் நான் கேட்ட குழல்

ஒரு மனிதர் எப்போது சாவார் என்று ஞாயிறுதோறும் போய்ப் பார்த்து வந்தவன் நான். கையில் தோடம்பழத்தோடு.

அறுபதுகளின் நடுவில் வேலணையில் ஒரு கந்தோரில் கிளாக்கராக இருந்தேன். மாலையில் குழல் வாசிப்பேன் (வாசிப்பு என்பது என் சொல், அடுத்த வீட்டார் வேறு சொல் வைத்திருந்தார்கள்). தீவுப்பக்கத்தில் எங்களைப் போல நாலைந்து குழல் பைத்தியங்கள். ஒருவர் வாசித்துப் பழகிய குழலை மற்றவர் வாங்குவார், விற்பார், மனம் கேளாமல் திரும்பவும் வாங்குவார். எல்லாம் மூங்கில். நாரந்தனைச் செல்லத்துரை அண்ணையிடம் மட்டும் கருங்காலி மரத்தில் கடைந்த குழல் ஒன்று இருந்தது. தெற்கே சுருட்டுக்கடை வைத்திருந்த காலத்தில் ஒரு கப்பற்காரனிடம் வாங்கியது.

அவர் நெஞ்சு வருத்தத்தில் படுத்ததும் போய்க் கேட்டேன்.

"அண்ணை, அதை எனக்குத் தர ஏலாதோ?"

"நான் சாகுமட்டும் ஏலாது, தம்பி."

செத்த பிறகு தருவார் என்று நான் அர்த்தப்படுத்திக்கொண்டேன். ஐந்து மாதம் போனேன். அவர் மனைவி நாகம்மா அக்கா முட்டைக்கோப்பி தந்து, "சொந்தக்காரர்கூட இப்பிடி வந்து பாக்கேல்லை" என்று கண் கலங்குவார். நான் கோப்பியைக் குடித்துக்கொண்டே குழல் இருந்த அலுமாரியைப் பார்ப்பேன்.

ஆறாவது மாதம் அவர் செத்தார். சுடலையில் எல்லாச் சடங்கும் முடிந்து கொள்ளி வைக்கும் நேரம், மூத்த மகன் மடியிலிருந்து அந்தக் குழலை எடுத்துத் தகப்பனின் நெஞ்சில் வைத்தான். "அம்மா வைச்சுவிடச் சொன்னவா" என்றான்.

"நில்லுங்கோ. கொள்ளி வையாதேங்கோ."

அது என் குரல்.

பக்கத்தில் நின்ற கிழவர் என் கையைப் பிடித்தார். "என்ன தம்பி, அசைவு கண்டனீரோ?"

இல்லையென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதை 'ஓம், கண்டனான்' என்று எடுத்துக்கொண்டார்கள். ஒருவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுப்பக்கம் பறந்தான். விறகுகளை விலக்கினார்கள். கூட்டத்தில் நின்ற ஆஸ்பத்திரி அப்போதிக்கரி ஒருவர் பிணத்தின் நெஞ்சில் காதை வைத்து, வெகுநேரம் கேட்டு, இல்லையென்று தலையை ஆட்டினார்.

மகன் என்னிடம் வந்தான். "என்ன கண்டனீர்?"

"குழல்" என்றேன். போதாதென்று, "கருங்காலி. இனிக் கிடையாது" என்றும் சொன்னேன்.

அவன் அடித்திருக்கலாம். குழலை எடுத்து, "இந்தாரும்" என்று நீட்டினான். வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். அதற்குள் கை வாங்கிவிட்டது.

அப்போதுதான் மணல் ஒழுங்கையில் நாகம்மா அக்கா ஓடி வருவது தெரிந்தது. தலை விரிந்து, செருப்பில்லாமல். பின்னால் பெண்கள். மகன் கொள்ளியை நிலத்தில் போட்டுவிட்டுத் தாயை மறிக்க ஓடினான். அவன் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. அக்கா மணலில் குந்திவிட்டார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து ஒரு நாள் குழலைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அன்று கோப்பி வரவில்லை. அக்கா வாசலில் நின்றே பேசினார்.

"நீரே வைச்சிரும். எனக்குக் கோவமில்லை. சைக்கிள்காரன் வந்து சொன்னதிலையிருந்து சுடலை வரைக்கும் ஓடினனான். அவ்வளவு நேரமும் அவர் உயிரோடை இருந்தவர்."

அந்தக் குழலை என்னால் வாசிக்க முடியவில்லை. மற்றப் பைத்தியங்களிடம் விற்கப் பார்த்தேன், தொடவே மறுத்துவிட்டார்கள். பெட்டிக்குள் கிடந்து வெடித்தது.

பிறகு நான் கலியாணம் கட்டப் போனபோது, கதை எனக்கு முன்னரே என் மாமனார் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. எந்தச் செத்தவீட்டுக்கு வெளிக்கிட்டாலும் மனைவி படலையில் மறித்துக் கேட்பாள்: "அங்கை உங்களுக்கு விருப்பமான சாமான் ஏதும் கிடக்கோ?" இல்லை என்றால்தான் விடுவாள்.

அவளுடைய பெரியப்பா செத்த அன்றும் கேட்டாள். நான் கொஞ்சம் யோசித்தேன். அவரிடம் நேரம் தவறாத நல்ல கைமணிக்கூடு ஒன்று இருந்தது.

என்னை வீட்டில் விட்டுவிட்டுப் பிள்ளைகளோடு போய்விட்டாள்.